கள்ளியும் கிளியும்

கள்ளியையும் கிளியையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கப் போகிறேன் என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஒன்று, முள்ளும் சதையுமாக வேலியோரத்தில் கிடக்கும் சப்பாத்திக் கள்ளி. மற்றொன்று, கழுத்திலே செவ்வாரம் பூண்ட பச்சைக்கிளி. ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் இரண்டின் தலையெழுத்தையும் ஒரே கைதான் எழுதியதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் நாடு கடத்தியது நிறத்தின் மேல் மனிதனுக்குள்ள மோகம்.

கள்ளிக்கு ஏது நிறம் என்கிறீர்களா? நிறம் அதன் மேல் வாழும் ஒரு பூச்சியில் இருந்தது. உலர்த்தி அரைத்தால் அருமையான சிவப்புச் சாயம். ஒரு ராத்தலுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். மெக்ஸிகோவை ஆண்ட ஸ்பானியர்கள் அந்த வியாபாரத்தைத் தங்கள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாவில் நீர் ஊறியது. சென்னையில் கம்பெனி வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேஸிலிலிருந்து கப்பலேறிக் கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்தது. வந்ததோ மட்டமான ஜாதி. சாயம் தேறவில்லை, ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். அது தொடாத வேறொரு வகைக் கள்ளி, வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கிக்கொண்டே போயிற்று. 1926-ல் இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கிற்று. பஞ்ச காலத்தில் முள்ளைப் பொசுக்கி அதே கள்ளியை மாட்டுக்குத் தீனியாகப் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிளி எதிர்த்திசையில் பயணம் போயிற்று. மனிதனைப் போலப் பேசும் இந்தியப் பறவை ஒன்றைப் பற்றிச் சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே க்டீசியஸ் என்ற கிரேக்க வைத்தியர் எழுதி வைத்தார். பிறகு ரோமாபுரிச் செல்வர்கள் வீட்டில் கிளிக்கூண்டு தொங்கிற்று. பல நூற்றாண்டுகள் கழித்து இங்கிலாந்திலும் தொங்கிற்று. கூண்டிலிருந்து தப்பியவை 1969-ல் கெண்ட் பகுதியில் குஞ்சு பொரித்தன. இன்று லண்டன் பூங்காக்களில் ஆயிரக்கணக்கில் கூச்சலிடுகின்றன. மரப்பொந்துகளைப் பிடித்துக்கொள்கின்றன என்று அவற்றின் மேல் புகார்.

கள்ளிக்கு 'களை' என்று பெயர். கிளிக்கு 'அந்நியப் பறவை' என்று பெயர். இரண்டுமே கப்பலுக்குச் சீட்டு வாங்கியவை அல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. கிளியை ஆசைப்பட்டு வாங்கியவர்களின் ஊரிலேயே இன்று கிளி கத்துகிறது. கள்ளிக்கு நிலத்தைப் பறிகொடுத்த நம் குடியானவனோ, அந்தச் சிவப்புச் சாயத்தைக் கேட்டவனுமல்ல, கண்ணால் கண்டவனுமல்ல.