பெட்டிகள் பேசும் பொது மொழி

ஜுருவில் குடியிருப்பவர் இரயில் ஏற வேண்டுமானால் சிம்பாங் அம்பாட்டுக்கோ புக்கிட் மெர்தாஜாமுக்கோ போக வேண்டும். மேடையில் நின்று பார்த்தால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படும். கொமுட்டர் வந்து நிற்கிறது. ஆறு பெட்டிகளின் கதவுகளும் மேடை இருக்கும் பக்கமாகவே திறக்கின்றன. மறுபக்கம் ஒரு கதவுகூட அசைவதில்லை. ஓட்டுநர் தொட்டது ஒரே ஒரு பொத்தான். அவருக்கு நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் கடைசிப் பெட்டிக்கு அந்தச் சேதியைச் சொன்னது யார்? எந்தப் பக்கம் இடது, எந்தப் பக்கம் வலது என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிந்தது?

கேட்பதற்குச் சிறுபிள்ளைக் கேள்வி. ஆனால் இதற்கு விடை காண இரயில் உலகம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக் கொண்டது. விடை கண்டதைவிட, அந்த விடையை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொள்ளும்படி செய்ததுதான் பெரும்பாடு.

காற்றில் போன கட்டளை

பெட்டிக்குப் பெட்டி சேதி அனுப்பிய முதல் பொது ஏற்பாடு மின்சாரமே இல்லாதது. 1872இல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தானியங்கிக் காற்று பிரேக்கை உருவாக்கினார். இஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரே குழாய். அதில் அழுத்தப்பட்ட காற்று நிறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் எல்லாப் பெட்டிகளும் பிரேக் போட்டுக்கொள்ளும். இரயில் நடுவில் அறுந்து இரண்டாகப் போனாலும் காற்று வெளியேறிவிடும். இரண்டு துண்டும் தானாக நின்றுவிடும். சேதி வராமல் போவதே சேதி என்ற அந்த யோசனையின் அழகு இன்றைக்கும் மங்கவில்லை. கணினி எவ்வளவு வந்த பிறகும் உலகின் பெரும்பாலான இரயில்களில் அந்தக் குழாய் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த பாய்ச்சல் 1897இல் வந்தது. சிக்காகோ நகரின் தெற்குப் பக்க மேம்பால இரயிலை நீராவியிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றும் பொறுப்பை பிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் ஏற்றார். முன்னால் ஓர் இஞ்சின் இழுக்க மற்றவை பின்னால் வரும் பழைய முறையை அவர் விட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த மோட்டார். எல்லா மோட்டார்களுக்கும் முன்பெட்டியிலிருந்து ஒரே ஆள் கட்டளையிடுவார் என்றார். நம்பாதவர்களுக்கு அவர் காட்டிய சான்று சுவையானது. அந்த ஆண்டு ஜூலையில் நடந்த சோதனையில் ஆறு பெட்டி இரயிலை அவருடைய 10 வயது மகன் ஓட்டிக் காட்டினான். இன்று பட்டர்வொர்த்தில் வந்து நிற்கும் கொமுட்டரும் இ.டி.எஸ். இரயிலும் அந்தச் சிறுவன் ஓட்டிய வண்டியின் வாரிசுகள்தாம்.

ஸ்பிரேக் முறையில் ஒரு கம்பிக்கு ஒரு வேலை. முன்னே போக ஒன்று, பின்னே வர ஒன்று, விளக்குக்கு ஒன்று. அமெரிக்க இரயில் நிறுவனங்கள் 27 முனை கொண்ட ஒரே மாதிரிச் செருகியில் ஒத்துப் போயின. ஐரோப்பாவில் அனைத்துலக இரயில்வே சங்கம் 13 கம்பிகள் கொண்ட கேபிளை வகுத்தது. ஒலிபெருக்கி, விளக்கு போன்ற வேலைகளை அது பார்த்துக்கொண்டது. நாடுகளின் எல்லைகளைத் தாண்டி ஓடும் இரயிலில் ஜெர்மன் பெட்டிக்குப் பின்னால் இத்தாலியப் பெட்டியை மாட்டினாலும் விளக்கு எரிந்தது.

ஆனால் காலம் மாறியது. குளிர்சாதனம் பழுதா, கழிவறைத் தொட்டி நிறைந்ததா, எந்தக் கதவு சரியாகப் பூட்டவில்லை, எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியவை நூற்றுக்கணக்காகப் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி என்றால் இரயில் கம்பி மூட்டையாகிவிடும்.

ஆளுக்கொரு மொழி

1980களில் கணினிச் சில்லுகள் பெட்டிக்குள் நுழைந்தன. இரண்டு கம்பியில் ஆயிரம் சேதிகளை வரிசையாக அனுப்பலாம் என்றாயிற்று. வந்தது வசதி, கூடவே வந்தது தொல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் மொழியை உருவாக்கிக்கொண்டார். சுவிஸ்–சுவீடன் கூட்டு நிறுவனமான ஏ.பி.பி. ஒன்று வைத்திருந்தது, ஜெர்மானியர்கள் வேறொன்று, இத்தாலியர்கள் இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் இரயிலை வாங்கிய நாடு, அதன் பிரேக்குக்கும் கதவுக்கும் உதிரிப் பாகம் தேடி அதே வாசலில்தான் நிற்க வேண்டியிருந்தது. இரயில் பெட்டியின் ஆயுள் ஏறத்தாழ 30 ஆண்டு. அந்த 30 ஆண்டும் விலை சொல்வது ஒரே கடைக்காரர் என்றால் வாங்குபவரின் கதி என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1988இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி. இதற்காக 22ஆம் எண் பணிக்குழுவை அமைத்தது. ஐரோப்பாவோடு அமெரிக்கா, ஜப்பான், சீனா எனப் பல நாட்டுப் பேராளர்கள் அதில் உட்கார்ந்தனர். வாங்குபவர்கள் சார்பில் அனைத்துலக இரயில்வே சங்கம் இருந்தது. பேச்சு 11 ஆண்டு நீடித்தது. யார் தன் மொழியை விட்டுக்கொடுப்பது என்பதுதானே பிரச்சினை!

கடைசியில் கண்ட சமரசம் புத்திசாலித்தனமானது. வீட்டுக்குள் ஒரு பேச்சு, தெருவில் ஒரு பேச்சு என்று பிரித்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் கருவிகள் பேச ஒரு தடம், அது ஏ.பி.பி. வழியிலிருந்து வந்தது, வேகம் வினாடிக்கு 15 இலட்சம் பிட். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே பேச இன்னொரு தடம். அது ஜெர்மன், இத்தாலிய அனுபவத்திலிருந்து வந்தது, வேகம் 10 இலட்சம் பிட், நீளம் 860 மீட்டர் வரை. வினாடிக்கு 40 முறை முக்கியச் சேதிகள் இந்தத் தடத்தில் சுற்றி வரும். இரண்டும் சேர்ந்த அமைப்புக்கு டி.சி.என். என்று பெயர், இரயில் தகவல் தொடர்பு வலையமைப்பு என்று அதற்குப் பொருள்.

தொடக்கத்தில் கேட்ட இடது–வலது கேள்விக்கு இங்கேதான் விடை. இரயில் என்பது கட்டடம் போல நிலையாக இருப்பதன்று. காலையில் ஆறு பெட்டி, மாலையில் பன்னிரண்டு. ஒரு பெட்டியைத் திருப்பி மாட்டினால் அதன் இடது, இரயிலின் வலதாகிவிடும். ஆகவே பெட்டிகளைக் கோத்ததும் அவை தங்களுக்குள் ஒரு பெயர் பதிவு நடத்துகின்றன. முன்னால் இருக்கும் முனை பக்கத்து முனையைக் கூப்பிடுகிறது. அதற்கு எண் கொடுக்கிறது. அது எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறது. இப்படியே கடைசிப் பெட்டி வரை போய், முழுப் பட்டியலும் எல்லாருக்கும் அறிவிக்கப்படுகிறது. அதன் பிறகுதான் கதவைத் திற என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. இந்தப் பதிவில் பிழை வந்தால், பயணி தண்டவாளத்தில் இறங்க நேரும்.

இன்னொரு நுணுக்கம். மழையிலும் தூசியிலும் கிடக்கும் செருகிகளின் முனையில் துரு போன்ற மெல்லிய படலம் படியும். பலவீனமான கணினிச் சேதி அதைத் தாண்டிப் போகாது. அதனால் இந்தத் தடத்தில் அவ்வப்போது ஒரு மின்னழுத்தத்தைச் செலுத்தி அந்தப் படலத்தை உடைக்கிறார்கள். அலுவலகக் கணினி வலையமைப்பை அப்படியே எடுத்து இரயிலில் மாட்ட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரே காலம், இரண்டு காட்சி

காகிதத்தில் எழுதியது தண்டவாளத்தில் ஓடுமா? 1994 மே முதல் 1995 செப்டம்பர் வரை ஒரு சோதனை இரயிலை ஓட்டினார்கள். சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் பெட்டிகள் ஒன்றாகக் கோக்கப்பட்டன. சுவிஸ் மலையடிவாரத்து இன்டர்லாக்கனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் இடையே அது ஓடியது. நான்கு நாட்டுப் பெட்டிகள் ஒரே கணினி மொழியில் பேசின.

அதே 1995 ஆகஸ்டில்தான் மலேசியாவில் கே.டி.எம். கொமுட்டர் தொடங்கியது. அதற்கு வந்த மின்சார இரயில்களைப் பாருங்கள். முதல் வகை ஆஸ்திரியாவில் செய்தது. இரண்டாம் வகை தென்னாப்பிரிக்கா. மூன்றாம் வகை தென்கொரியா. பிறகு 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே தொடங்கிய இ.டி.எஸ். சேவைக்குக் கொரிய இரயில் வந்தது. 2012இல் சீனாவின் சூசோவிலிருந்து ஆறு பெட்டி கொமுட்டர். 2015இல் இ.டி.எஸ். சேவை பட்டர்வொர்த்தைத் தொட்டபோது அதற்கும் சீனத் தயாரிப்பு. இருபதாண்டில் ஒரே தண்டவாளத்தில் இத்தனை நாட்டுக் கைவேலை! தண்டவாளத்தின் அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்று, மின்சாரம் ஒன்று. இரயிலுக்குள் இருக்கும் மூளை மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. பட்டறையில் வேலை செய்பவர்கள்தான் அந்த வேற்றுமையைச் சுமப்பவர்கள்.

1999இல் டி.சி.என். முறைப்படி அனைத்துலகத் தரமாயிற்று. அதே ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் கழகமும் ஒரு தரத்தை வெளியிட்டது. அதில் ஒரு வேடிக்கை. டி.சி.என். வழி ஒன்று, அமெரிக்காவில் பிறந்த லான்வொர்க்ஸ் வழி ஒன்று என இரண்டையுமே ஏற்று, இதுவும் தரம் அதுவும் தரம் என்றது. ஒரே தரத்தில் இரண்டு மொழி. விற்பவர்களுக்கு நிம்மதி, வாங்குபவர்களுக்குப் பழைய தலைவலி.

டி.சி.என். மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. மலேசியர்களுக்கு ஜாவி எழுத்தைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஜாவியில் எழுதிய மலாய் வாசகத்தை ஓர் அரபுக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். பொருள் அவருக்குத் தெரியாது. எழுத்து பொது, மொழி பொதுவன்று. அதுபோல, சேதியை எப்படி அனுப்புவது என்பதில் ஒத்துப் போனாலும், எந்த எண் கதவைக் குறிக்கிறது, எந்த எண் பிரேக்கைக் குறிக்கிறது என்ற அகராதியிலும் ஒத்துப் போக வேண்டும். அந்த அகராதியை அனைத்துலக இரயில்வே சங்கம் தனி ஏடாக வெளியிட்டது. அதைத் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய நாடுகள் பிழைத்தன. பிரசுரத்தில் டி.சி.என். என்ற பெயரைப் பார்த்ததோடு திருப்தி அடைந்தவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும் இரயிலைத்தான் வாங்கினார்கள்.

இந்தியாவும் இந்தப் பாடத்தைப் படித்தது. 1990களின் நடுவில் ஏ.பி.பி.யிடமிருந்து புதுவகை மின்சார இஞ்சின்கள் இறங்கின. தொழில்நுட்பமும் சித்தரஞ்சன் தொழிற்சாலைக்குக் கைமாறியது. பின்னாளில் அதே வகை இஞ்சினுக்குப் பல நிறுவனங்கள் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யத் தொடங்கின. சரக்கு இரயிலுக்கு இரண்டு இஞ்சின்களைச் சேர்த்து மாட்டும்போது ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிய வேண்டுமே! லக்னோவில் உள்ள இரயில்வே ஆய்வு, தர அமைப்பு டி.சி.என். தரத்தை நிபந்தனையாக்கியது. 1955இல் சுவிஸ் உதவியுடன் சென்னை பெரம்பூரில் தொடங்கிய பெட்டித் தொழிற்சாலை 2018இல் கட்டிய வந்தே பாரத் இரயிலில், 16 பெட்டிகளையும் ஒரு கணினி அமைப்பு கட்டிக் காக்கிறது. பெட்டிக்கடியில் மோட்டார் வைக்கும் ஸ்பிரேக்கின் பழைய யோசனைதான் அதற்கும் அடிப்படை.

திறந்த பேச்சும் மூடிய பெட்டியும்

10 இலட்சம் பிட் வேகம் 1999க்குப் போதும். கண்காணிப்புக் கேமராப் படமும் பயணிகளுக்கான திரையும் வந்த பிறகு போதாது. அலுவலகங்களில் இருக்கும் ஈதர்நெட்டை இரயிலுக்கு ஏற்றபடி மாற்றி 2014இல் புதிய தரம் வந்தது. வேகம் நூறு மடங்கு. அதற்கான மென்பொருளின் அடிப்படைப் பகுதியைச் சில நிறுவனங்கள் சேர்ந்து, யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்தே வைத்தன. முப்பதாண்டுக்கு முன் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றவர்களின் தொழிலில் இது சிறிய மாற்றமன்று.

ஆனாலும் பெட்டிக்கு வெளியே பேசும் பேச்சு திறந்திருப்பதால், பெட்டிக்குள் இருக்கும் கணினி என்ன நினைக்கிறது என்பது திறந்துவிடாது. 2022இல் போலந்து நாட்டில் ஒரு வட்டார இரயில் நிறுவனம் தன் மின்சார இரயில்களைத் தயாரிப்பாளர் அல்லாத வேறொரு பட்டறைக்குப் பராமரிப்புக்கு அனுப்பியது. வேலை முடிந்த பிறகு இரயில்கள் நகரவில்லை. கருவியில் பழுதும் தென்படவில்லை. பட்டறை அழைத்துவந்த கணினி வல்லுநர்கள் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தனர். குறிப்பிட்ட பட்டறைகள் இருக்கும் இடத்தில் நெடுநேரம் நின்றால் இரயில் பூட்டிக்கொள்ளும்படி கட்டளை எழுதப்பட்டிருந்ததாக 2023 டிசம்பரில் அறிவித்தனர். தயாரிப்பாளர் அதை மறுத்தார், விவகாரம் வழக்காயிற்று.

தொலைவில் நடந்த கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2024இல் மலேசிய அரசாங்கம் சீனாவிலிருந்து 62 இரயில் தொகுதிகளைக் குத்தகைக்கு எடுக்க முடிவு செய்ததைப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். தொகை 1,070 கோடி வெள்ளி. காலம் 30 ஆண்டு. அவற்றின் இருக்கைகளைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பலரும் கேட்பார்கள். பெட்டிகள் தமக்குள் எந்தத் தரத்தில் பேசும், அந்தப் பேச்சின் அகராதி யார் கையில் இருக்கும், பழுதுக் குறிப்புகளை உள்ளூர்ப் பட்டறைத் தொழிலாளி தன் மடிக்கணினியில் படிக்க முடியுமா என்பவை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் வரும் கேள்விகள். இன்று ஜுருவில் பிறக்கும் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும் காலத்திலும் அந்தக் குத்தகை முடிந்திருக்காது.