மேடைக் கலைஞர்களின் இமைப் பராமரிப்பு

ஒப்பனை போட்டு வியர்க்க வியர்க்க ஆடுபவர்கள் இமை விளிம்பையும் இமைமயிரின் வேர்ப்பகுதியையும் அழுக்கும் அடைப்பும் இல்லாமல் வைத்துக்கொள்வதே இமைப் பராமரிப்பு. தெருக்கூத்து, கதகளி, பரதநாட்டியம் போன்று கண்ணாலேயே பாதி கதையைச் சொல்லும் கலைகளில், குரலுக்கும் காலுக்கும் காட்டும் அக்கறையில் சிறு பங்குகூட இமைக்குக் கிடைப்பதில்லை.

இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. இமைமயிர் வரிசைக்குச் சற்று உள்ளே மெய்போமியன் சுரப்பிகளின் நுண்துளைகள் வரிசையாகத் திறக்கின்றன. 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோமின் பெயரே இவற்றுக்கு நிலைத்தது. மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 சுரப்பிகளும், கீழிமையில் 20 முதல் 30 சுரப்பிகளும் உண்டு. இவை சுரக்கும் எண்ணெய் கண்ணீரின்மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, கண்ணீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. ஒவ்வொரு சிமிட்டலும் இந்த எண்ணெயைச் சிறிது பிழிந்து கண்ணில் பரப்புகிறது. அபிநயத்துக்காக இமைக்காமல் விழித்து நிற்கும் கலைஞருக்கு இந்த வேலை குறைகிறது. மேடை விளக்கின் சூடும் சேர்ந்தால் கண் உலர்ந்து உறுத்தும்.

வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் யூரியாவும் உள்ளன. கண்ணீரைவிட அமிலத்தன்மை கூடிய அந்த நீர் நெற்றியிலிருந்து வழியும்போது பவுடரையும் நிறத்தையும் கரைத்து இமைக்குள் இழுத்துவருகிறது. எரிச்சல் தாங்காமல் கலைஞர் துண்டால் அழுத்தித் துடைக்கிறார். நிறத்துகள்கள் துளைகளுக்குள் போவது பெரும்பாலும் அப்போதுதான். காட்சிக்கு நடுவே சுத்தமான மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தால் போதும். அந்தத் துணி ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

எதைப் பூசுகிறோம் என்பதும் முக்கியம். பழைய அரிதாரம் ஆர்சனிக் சல்ஃபைடு. கதகளியில் மனையோலை என்று வழங்குவதும் ஆர்சனிக் கனிமமே. சுர்மா வகைகள் சிலவற்றில் ஈயச் சல்ஃபைடு இருக்கிறது. இவற்றை இமை விளிம்புக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. கண்மையை இமைமயிருக்கு வெளியே தீட்டினால் தீங்கு குறைவு. உள்விளிம்பின் ஈரப்பகுதியில் இழுத்தால் அது நேராகச் சுரப்பி வாயை மூடுகிறது. கடைசி வரிசைக்கும் கண் தெரிய வேண்டும் என்பது நியாயமான தேவைதான். வெளிக்கோட்டைத் தடிமனாக்கியே அதைப் பெரும்பாலும் நிறைவேற்றிக்கொள்ளலாம். ஒரே மைக்குச்சியைக் குழு முழுவதும் பயன்படுத்தினால் ஒருவருடைய தொற்று எல்லோருக்கும் போகும். மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

விடியும்வரை ஆடிய அசதியில் வேஷம் கலைக்காமல் படுத்துவிடுவதுதான் இமைக்குப் பெருங்கேடு. ஒப்பனை இமையில் எத்தனை மணி நேரம் கூடுதலாகக் கிடக்கிறதோ, அந்த அளவுக்கு அடைப்பும் கூடும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். தேங்காயெண்ணெயோ லிக்விட் பாரஃபினோ தோய்த்த பஞ்சை மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்து, ஒப்பனை இளகியபின் மேலிருந்து கீழாக வழித்தெடுக்க வேண்டும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சிய எண்ணெய்ப் பிசுக்கு இமைமயிர் வேரில் அப்படியே தங்குகிறது.

அடுத்தது ஒத்தடம். ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பிழிந்த துணியை 5 முதல் 10 நிமிடம் மூடிய கண்மேல் வைக்க வேண்டும். துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடுமாதலால் மீண்டும் மீண்டும் நனைத்துப் பிழிய வேண்டும். சூட்டில் கெட்டிப்பட்ட சுரப்பு உருகும். உடனே மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மென்மையாக நீவ வேண்டும். வெளியே வந்த கசிவை, இமைக்கென விற்கும் துடைப்பானால் மயிர் வேரை ஒட்டிப் பக்கவாட்டில் துடைத்தெடுக்கலாம். நீர்த்த பேபி ஷாம்பூ நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தாலும், இமைக்கென்றே தயாரித்தவை கண்ணுக்கு இதமானவை. வெறும் டீ ட்ரீ எண்ணெயைக் கண்ணருகே தடவவே கூடாது. அது கருவிழியைப் புண்ணாக்கும்.

பராமரிப்பு தவறினால் முதலில் வருவது இமையழற்சி. காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், விளிம்பு சிவந்து அரிக்கும். மயிரின் அடியைச் சுற்றிக் குழாய்போலச் செதில் படிந்திருந்தால் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய உண்ணி பெருகியிருக்கக்கூடும். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உள்ள அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சுரப்பி அடைத்துச் சீழ் பிடித்தால் கண்கட்டி. அதைப் பிதுக்காமல் ஒத்தடம் கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கும் இளம் கலைஞர்களுக்கு மெய்போமியன் சுரப்பு குன்றுவதால், அவர்கள் மருத்துவரிடம் தம் ஒப்பனை வழக்கத்தையும் சொல்ல வேண்டும்.

வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை உடனே அடக்கும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே சேதமாகலாம். வயதில் மூத்த கலைஞருக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அங்கே இமைமயிர் உதிர்ந்தாலோ, அது எண்ணெய்ச் சுரப்பிப் புற்றா என்று திசுவை எடுத்துச் சோதிப்பது அவசியம்.