காயமடைந்த படைவீரரின் கொடுப்பனவும் வருமான வரியும்

அரசாங்கம் தரும் பணத்துக்கு வரி உண்டா, இல்லையா என்பது அது எதற்காகத் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் விடயத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கு சேவையில் அங்கவீனமுற்றவருக்கு மூன்று வகைக் கொடுப்பனவுகள் உள்ளன.

முதலாவது, முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம் மாதந்தோறும் வழங்கும் நட்டஈடு. இதற்கு வரி இல்லை. வரி விபரத்திரட்டில் வருமானமாகக் காட்டவும் தேவையில்லை.

இரண்டாவது, பாதுகாப்புத் திணைக்களம் வழங்கும் ஓய்வூதியம். சேவைக்காலத்துக்கான ஓய்வூதியம் வரிக்கு உட்பட்டது. போருடன் தொடர்புடைய காயத்துக்காக வழங்கப்படும் அங்கவீன ஓய்வூதியத்துக்கு விலக்கு உண்டு.

மூன்றாவது, 20 வருட சேவை பூர்த்தியாகாமலும் அங்கவீன மதிப்பீடு 30 வீதத்துக்குக் குறைவாகவும் உள்ளவர்களுக்கு, ஓய்வூதியத்துக்குப் பதிலாக ஒரே தடவையில் வழங்கப்படும் தொகை. போர்க் காயத்துக்காகக் கிடைக்கும்போது இதற்கும் விலக்கு உண்டு.

அநீதி நடந்தது இந்த மூன்றாவது வகையில்தான். இத்தொகைக்கு விலக்கு உண்டு என 1991இல் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆயினும் பாதுகாப்புத் திணைக்களம் பலரது பணத்திலிருந்து வரியைக் கழித்துக்கொண்டே இருந்தது. மீளளிப்புக் கோருவதற்குப் பொதுவாக 3 வருடங்களே அவகாசம். உண்மை தெரியவந்தபோது பலருக்கு அக்காலம் கடந்துவிட்டிருந்தது.

இதைச் சீர்செய்ய 2016இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி 2018 ஜூலையில் 1,30,000இற்கும் அதிகமானோருக்குக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. கடிதத் திகதியிலிருந்து ஒரு வருடம் அவகாசம் கிடைத்தது. பழைய ஆவணங்கள் கைவசம் இல்லாதோருக்காக நிலையான தொகைகளும் நிர்ணயிக்கப்பட்டன: 1991 - 2005 காலத்துக்கு 1,750 டொலர், 2006 - 2010 காலத்துக்கு 2,400 டொலர், 2011 - 2016 காலத்துக்கு 3,200 டொலர்.

சட்டத்தில் சலுகை எழுதப்பட்டிருப்பது ஒன்று. அது உரியவரின் கையைச் சென்றடைவது வேறொன்று. இங்கு இரண்டுக்கும் இடையே 25 வருடங்களுக்கும் மேல் கழிந்தன. திணைக்களம் கழித்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியவர்களே அதிகம் இழந்தார்கள். கொடுப்பனவுச் சீட்டைப் பெறும் எவரும், தமக்குக் கிடைக்கும் தொகை எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது, அதில் ஏன் கழிக்கப்பட்டது என்று உரிய காலத்துக்குள் கேட்டறிந்துகொள்வது அவசியம். காலம் கடந்தபின் கேட்டால் எல்லோருக்கும் தனிச் சட்டம் வருவதில்லை.