எண் 6

சென்ற வாரம் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரைக் கொல்ல ப்ரின்ஸிப்பும் இரண்டு தோழர்களும் பெல்கிரேடில் ஆயுதங்களோடு புறப்படத் தயாரானார்கள். இந்த வாரம் சாரயேவோ. ஆனால் இடையாளான டான்கோசிச்சின் கைவழியே அந்த ஆயுதங்களை அனுப்பியவனைப் பார்க்காமல் மேலே போக முடியாது.

டிராகுட்டின் டிமிட்ரியேவிச். செர்பிய ராணுவ அதிகாரி. கட்டுமஸ்தான உடம்பு. எகிப்தியரின் காளைத் தெய்வமான ‘ஆப்பிஸ்’தான் அவனுடைய பட்டப்பெயர்.

1903 ஜூன் மாத நள்ளிரவில் மன்னர் அலெக்சாண்டரைத் தீர்த்துக்கட்ட அரண்மனைக்குள் புகுந்த கூட்டத்தில் அவன் முன்னணியில் இருந்தான். நுழைந்த வேகத்தில் மூன்று குண்டுகள் பாய்ந்து சாய்ந்தான். மற்றவர்கள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அறை அறையாகத் தேடினார்கள். மன்னரும் அரசி ட்ராகாவும் படுக்கையறையை ஒட்டிய சிறு மறைவறையில் ஒளிந்திருந்தார்கள். இருவரையும் சுட்டு, வெட்டி, ஜன்னல் வழியே தோட்டத்தில் எறிந்தார்கள். கொலையாளிகளுக்குக் கிடைத்தது தண்டனை அல்ல, பதவி. செர்பியாவைப் பிடித்த கேடு அன்றே தொடங்கியது.

1911இல் ‘ஐக்கியம் அல்லது மரணம்’ பிறந்தது. ஊரார் வாயில் அது ‘கறுப்புக் கை’. இருட்டறையில் ஒற்றை மெழுகுவத்தி, கறுப்புத் துணி விரித்த மேஜை, அதன்மேல் சிலுவை, குத்துவாள், ரிவால்வர். அதன் முன்னால் சத்தியம் செய்தவனுக்கு அதன்பின் பெயர் கிடையாது, எண்தான். சங்க முத்திரையில் மண்டையோடு, கத்தி, வெடிகுண்டு, விஷக்குப்பி. ஆப்பிஸின் எண் 6.

மர்ம நாவல்களில் ரகசியச் சங்கத்தை உளவுத்துறை துரத்தும். பெல்கிரேடில் இரண்டையும் ஆட்டிவைத்தவன் ஒருவனே! 1913இல் ராணுவ உளவுப் பிரிவே ஆப்பிஸின் கைக்கு வந்தது. எல்லைக் காவல் அதிகாரிகளிலும் அவனுடைய ஆட்கள் இருந்தார்கள். நான்கு பிரவுனிங் துப்பாக்கிகளும் ஆறு வெடிகுண்டுகளும் சயனைடும் ட்ரினா நதியைத் தாண்டிப் போஸ்னியாவுக்குள் போன வழி அதுதான். ஆயுதத்தோடு சிலர் எல்லை கடந்த செய்தி பிரதமர் பாஷிச்சை எட்டியது. ஆனால் ராணுவத்துக்குள் வேரோடிய சங்கத்தை அவரால் அசைக்க முடியவில்லை.

ஆப்பிஸைத் தேசபக்தன் என்று போற்றுவோர் உண்டு. 1903இல் தானே குண்டுக்கு மார்பு காட்டியவன் என்பது உண்மைதான். 1914இல் இருபது வயதுகூட நிரம்பாத பையன்களிடம் விஷத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு அலுவலகத்தில் இருந்தவனும் அவனே. அவனை வீரன் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் அவன் முடிவு அநியாயமானது. செர்பியப் பட்டத்து இளவரசரைக் கொல்லச் சதி செய்ததாகச் சொல்லி, 1917இல் சலோனிக்காவில் அவனுடைய அரசே அவனைச் சுட்டுக் கொன்றது. சாரயேவோ கொலையை ஏற்பாடு செய்தது தானே என்று சிறையில் எழுதிக் கொடுத்திருந்தான். இளவரசர் வழக்கு 1953இல் பெல்கிரேடில் மறுவிசாரணைக்கு வந்தது. தீர்ப்பு: குற்றமற்றவன்.

1914 ஜூன் 28 அன்று ஆற்றங்கரைச் சாலையில் முதல் வெடிகுண்டை வீசியவன் ப்ரின்ஸிப் அல்ல, அவனுடைய தோழன் சாப்ரினோவிச். அடுத்த வாரம் அவனிடமிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)