ஒட்டுகிற முட்டையும் 1982ம்

புனேயில் நம்மாட்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "அவிச்ச முட்டையை உரிச்சா பாதி வெள்ளை ஓட்டோடவே போயிடுதுங்க." படித்தது பி.காம். என்றாலும் இதில் எனக்கு ஆர்வம் உண்டு. நாமக்கல் கிளையில் கோழிப்பண்ணைக் கடன் ஃபைல் பார்த்தவனாச்சே!

புது முட்டையின் வெண்கருவில் கரியமிலவாயு கரைந்திருக்கும். அதனால் காரத்தன்மை குறைவு. வேகும்போது வெண்கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக நாளாக அந்த வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறும். ஓடும் லேசாகக் கழன்று வரும். ஆக, ஒட்டுகிறதென்றால் பெரும்பாலும் முட்டை புதுசு. கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

இனி வரலாறு. ஒரு காலத்தில் பண்ணைக்காரர் போட்ட காசுகூட வராமல், வியாபாரி சொன்ன விலைக்கு முட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1982ல் பி.வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களைத் திரட்ட, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) பிறந்தது. விலையை உற்பத்தி செய்கிறவனே சொல்ல ஆரம்பித்தான். கடன் கேட்டு வருபவரிடம் நாங்கள் முதலில் பேசுவதே அன்றைய என்.இ.சி.சி. விலையைத்தான்.

அதே 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அப்போது தட்டில் முட்டை கிடையாது. 1989ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று வந்தது. 1998ல் வாரம் ஒன்று, 2006ல் இரண்டு, 2007ல் மூன்று, 2010ல் ஐந்து. இருபத்தோரு வருஷத்தில் பள்ளிக்கூட நாளெல்லாம் முட்டை நாளாகிவிட்டது. பண்ணைக்கு நிலையான கிராக்கி; பல பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைக்கும் முட்டையே அதுதான்.

இங்கேதான் உரிப்பது பெரிய விஷயமாகிறது. மணி அடிப்பதற்குள் சத்துணவு ஆயாக்கள் நூறு, இருநூறு முட்டை உரிக்க வேண்டும். நம் வீட்டில் பிய்ந்துபோனால் பொடிமாஸ் ஆக்கிவிடலாம். அங்கே ஓட்டோடு போவது ஒரு பிள்ளையின் பங்கு.

கடைசியாக, வீட்டுக்கு ஒரு பக்குவம். வாங்கிய முட்டையை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு மெதுவாக உள்ளே விட்டு, 12 நிமிஷம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். அகலமான முனையில் காற்றறை இருக்கும். அங்கே தட்டி, தண்ணீருக்குள்ளேயே உரியுங்கள். இந்த ஞாயிறு வாங்கினால் அடுத்த ஞாயிறு அவியுங்கள், அவ்வளவுதான்.