ரிங்வுட் சுரங்கம்: மூடிய பின்னும் தொடரும் நிலத்தடிக் கசிவு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் வடக்கே, ரிங்வுட் மலைப்பகுதியில் உள்ள இரும்புச் சுரங்கங்கள் மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அங்கு நிலத்தடி நீர் எங்கே செல்கிறது என்ற கேள்வி இன்னமும் ஓயவில்லை. இப்பகுதியின் ஓடைகள் சென்று சேரும் வனாக்யூ நீர்த்தேக்கம், லட்சக்கணக்கானோருக்குக் குடிநீர் வழங்குவதே இதற்குக் காரணம்.

18ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கு இரும்புத் தாது வெட்டியெடுக்கப்பட்டது. பின்னர், 1967 முதல் 1971 வரையிலான காலத்தில், மாவா நகரில் இருந்த ஃபோர்டு கார் தொழிற்சாலையின் வண்ணப்பூச்சுக் கழிவு இந்தச் சுரங்கப் பகுதியில் கொட்டப்பட்டது. ராமபோ லெனாபே பழங்குடியினர் வாழும் பகுதி இது. தங்களது நோய்களுக்கு இக்கழிவே காரணம் என்று அவர்கள் நீண்டகாலமாகக் கூறி வருகின்றனர்.

1983இல் இவ்விடம், முன்னுரிமை அளித்துத் தூய்மைப்படுத்த வேண்டிய இடங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பணிகள் முடிந்துவிட்டதாகக் கருதி 1994இல் நீக்கப்பட்டது. ஆனால் மேலும் கழிவு கண்டெடுக்கப்பட்டதால், 2006இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

நிலத்தடிக் கசிவைக் கண்டறிய, பல இடங்களில் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி நீர்மட்டத்தை ஒப்பிடுகிறார்கள். மட்டம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்தை நோக்கி நீர் நகரும். வெவ்வேறு ஆழங்களில் எடுக்கப்படும் மாதிரிகள், மாசு எதுவரை சென்றுள்ளது என்பதைக் காட்டும். மணற்பாங்கான நிலத்தில் இது ஓரளவு எளிது. பாறைப் பிளவுகளும் நீர் நிறைந்த சுரங்கப் பாதைகளும் உள்ள இடத்தில் நீரின் வழியைக் கணிப்பது கடினம். ஒரு கிணறு பிளவைத் தவறவிட்டால், மாசு அதன் அருகிலேயே கடந்து சென்றாலும் தெரியாது.

எதைத் தேடுகிறோம் என்பதும் முக்கியம். ரிங்வுட் நிலத்தடி நீரில் பென்சீன் காணப்பட்டது. புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் 1,4-டையாக்சேன் இருப்பதும் 2015-16இல் தெரியவந்தது. இது நீருடன் முழுமையாகக் கலப்பது, மண்ணில் அதிகம் ஒட்டாதது. ஆகவே நீருடனேயே நெடுந்தூரம் செல்லக்கூடியது.

நிலத்தடி நீரைச் சீர்செய்து தொடர்ந்து கண்காணிக்கும் திட்டத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் தேர்ந்தெடுத்தது. 2022இல் நியூ ஜெர்சி மாநில அரசு ஃபோர்டு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது.

மேற்பரப்பை மட்டும் பார்த்து ஒரு சுரங்கத்தைத் தூய்மையானதாக அறிவிப்பதில் உள்ள ஆபத்தையே ரிங்வுட்டின் அனுபவம் சுட்டிக்காட்டுகிறது.