குடத்துக்கு வந்த காட்டுக் கொசு

ரத்தம் குடிக்கும் பூச்சிகள் மனித இனத்தைவிட மிக மிகப் பழையவை. சீனாவில் கிடைத்த ஜுராசிக் காலப் புதைபடிவங்களில் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள தெள்ளுப்பூச்சிகள் இருக்கின்றன. லெபனானில் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த மரப்பிசினுக்குள் சிக்கிய இரண்டு கொசுக்களைப் பற்றி 2023-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இரண்டும் ஆண். இன்றைய ஆண் கொசு பூந்தேனோடும் சாறோடும் நின்றுவிடும். முட்டைக்குப் புரதம் வேண்டியிருக்கிற பெண்தான் ரத்தம் தேடிப் போகும். ஆனால் அந்த லெபனான் ஆண்களுக்குக் குத்திக் கிழிக்கும் கூரிய வாயுறுப்புகள் இருந்தன. ஆணும் ரத்தம் குடித்த ஒரு காலம் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பேன், மூட்டைப்பூச்சி, தெள்ளு, கொசு ஆகியவை ஒரே ரத்தக்குடியரின் வாரிசுகள் அல்ல. தனித்தனிப் பூச்சிக் குலங்கள், தனித்தனிக் காலங்களில், தனித்தனியாகக் கற்றுக்கொண்ட தொழில் இது. ஆனால் நம் ஊர்களைக் காலி செய்த கொள்ளைநோய்களின் வரலாற்றை அந்தக் கோடி ஆண்டுகளில் தேடிப் பயனில்லை. அது கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளில் இருக்கிறது. கடிக்கும் பூச்சி பழையது. நம்மையே தேடி வந்து கடிக்கும் பூச்சி புதியது. அப்படி ஒன்று உருவான கதையை ஓரளவு தெளிவாகச் சொல்ல முடிகிறதென்றால், அது டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் கதைதான்.

கென்யக் கடற்கரையை ஒட்டிய ரபாய் பகுதியில் 1970-களில் பூச்சியியலாளர்கள் இந்த இனத்தை இரண்டு வடிவங்களில் பார்த்தார்கள். கறுத்தது காட்டில் இருந்தது. மரப்பொந்தில் தேங்கிய மழைநீரில் முட்டையிட்டது. அகப்பட்ட விலங்கைக் கடித்தது. பழுப்பு நிறத்தது வீட்டுக்குள் தண்ணீர்ப் பானையில் முட்டையிட்டு, வீட்டு மனிதரைக் கடித்தது. நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் கரோலின் மெக்பிரைடும் லெஸ்லி வோஷாலும் இந்த இரண்டையும் வளர்த்துச் சோதித்தார்கள். ஒரு பக்கம் மனித வாசனை, மறுபக்கம் கினிப் பன்றியின் வாசனை. வீட்டுக் கொசு மனிதனை நோக்கிப் பறந்தது. காட்டுக் கொசு கினிப் பன்றியை நோக்கிப் பறந்தது. இரண்டையும் கலப்பினம் செய்து மரபணுக்களை ஒப்பிட்டபோது, வாசனை உணரும் ஏற்பி ஒன்றில் வித்தியாசம் தெரிந்தது. மனித உடலிலிருந்து அதிகமாக வெளிவரும் சல்கடோன் என்ற வேதிப்பொருளை அந்த ஏற்பி பிடிக்கிறது. வீட்டுக் கொசுவில் அது கூடுதலாகவும் கூர்மையாகவும் வேலை செய்கிறது. 2014-ல் இந்த முடிவு வெளியானது.

சரி, காட்டுக் கொசுவுக்கு நம் வாசனை ஏன் பிடித்துப்போக வேண்டும்? விடை தண்ணீரில் இருந்தது. சகாராவுக்குத் தெற்கே 27 இடங்களில் முட்டை சேகரித்து நடந்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. பெரும்பாலான இடங்களின் கொசுக்கள் விலங்கையே நாடின. வறண்ட காலம் நீண்டும் கடுமையாகவும் இருக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளில்தான் மனிதப் பித்து உச்சத்தில் இருந்தது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், பசுமையாக இருந்த சகாரா வறண்டது. மரப்பொந்துகள் காய்ந்தன. ஆண்டு முழுவதும் தண்ணீர் நின்ற இடம் மனிதர்கள் நிரப்பி வைத்த பானையும் குடமும்தான். பானையில் பிறந்த கொசுவுக்குப் பக்கத்தில் இருந்த ரத்தம் மனித ரத்தம். அந்த வாசனையை விரும்பியவை பிழைத்துப் பெருகின.

நோய் பரவுவதற்கு இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதைக் கவனிக்க வேண்டும். வைரஸ் கொசுவின் குடல் சுவரைத் தாண்டி, உடலுக்குள் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதாவது ஒரே கொசு இரண்டு முறை மனிதனைக் கடித்தாக வேண்டும்: வாங்க ஒரு முறை, கொடுக்க ஒரு முறை. நடுவில் மாட்டைக் கடித்தால் அந்தக் கடி வீண். ஆகவே மனிதனைக் கடிக்கும் பழக்கம் இரண்டு மடங்கானால், பரவும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. போதாக்குறைக்கு இந்தக் கொசு ஒரே மூச்சில் குடித்து முடிப்பதில்லை. விரட்டினால் எழுந்து, அடுத்தவரிடம் போய் உட்காரும்.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் குடிநீர்ப் பீப்பாய்கள் இருந்தன. பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். அந்தக் கொடுமைக்குள் கொசுவும் பிழைத்து, தான் பரப்பும் மஞ்சள் காய்ச்சலோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. 1647-ல் பார்படோஸிலும், 1648-ல் யுகடானிலும் காய்ச்சல் பரவியது. 1802-ல் ஹைட்டியின் விடுதலைப் போரை நசுக்க நெப்போலியன் அனுப்பிய படையை இந்தக் காய்ச்சல் சிதைத்தது. படைத்தலைவர் லெக்லெர்க்கும் அதிலேயே மாண்டார். அடுத்த ஆண்டு நெப்போலியன் லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் குற்றவாளி கொசு என்று ஹவானா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1900-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு கியூபாவுக்கு வந்தபோது, தான் வளர்த்த கொசுவின் முட்டைகளை ஃபின்லே கொடுத்தார். அவர் சொன்னது நிரூபணமானது; அந்த முயற்சியில் குழுவின் ஜெஸ்ஸி லஸியர் உயிரைக் கொடுத்தார். ஃபின்லேயின் பெயர் இன்னும் நம் பாடப்புத்தகங்களில் அழுத்தமாக இடம்பெற வேண்டும்.

கப்பல் வழிகளிலேயே இந்தக் கொசு ஆசியத் துறைமுகங்களுக்கும் வந்து சேர்ந்தது. மஞ்சள் காய்ச்சல் இங்கே வேரூன்றவில்லை. டெங்கு ஊன்றியது. 1952-ல் இன்றைய தான்சானியாவில் தலைகாட்டிய, இதே கொசு பரப்பும் சிக்குன்குனியா 1963-ல் கொல்கத்தாவிலும், 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் மக்களை மூட்டுவலியில் முடக்கிப் போட்டது.

மரப்பொந்துக் காலத்தின் ஒரு பழக்கத்தை மட்டும் ஏடிஸ் இன்னும் விடவில்லை. அது தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச் சுவரில் ஒட்டுகிறது. பொந்து காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். அடுத்த மழையில் நீர் ஏறியதும் பொரியும். நம் வீட்டு டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் நடப்பது அதேதான். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் முட்டைகள் அங்கேயே இருக்கும். உள்சுவரை நாரும் பிரஷ்ஷும் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போகும்.

(தொடரும்)